ஏலத்தோட்டம் மேலே, வீடு கீழே: எலெக்ட்ரிக் காரா, பெட்ரோல் காரா, ஜீப்பா?

கம்பம், கூடலூர், போடி பக்கம் கார் வாங்கப் போகிறவர்கள் எலெக்ட்ரிக் வண்டி என்றதும் கேட்கிற முதல் கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" நம் பகுதிக்கு அதைவிட முக்கியமானவை இரண்டு: ராத்திரி வண்டி எங்கே நிற்கும், காலையில் எந்த ரோட்டில் ஏறும். கீழே சொந்த வீடு, மேலே கேரளத்து வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டம் என்று அடிக்கடி மலை ஏறி இறங்குகிற குடும்பங்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் மலை. கம்பத்திலிருந்து கேரள எல்லைக்கு ஏறும் கம்பம் மெட்டு ரோட்டில் சுமார் 700 மீட்டர் உயரம் ஏறுகிறோம். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ வரும் ஒரு சின்ன காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் கிட்டத்தட்ட 2.7 யூனிட் மின்சாரம் வேண்டும். டயர் உராய்வு, மோட்டாரில் வீணாவது எல்லாம் சேர்த்தால் நாலு, நாலரை யூனிட் ஆகும். 24 யூனிட் பேட்டரியில் அது ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. இதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது, அந்தச் சக்தி பேட்டரிக்குத் திரும்புகிறது. ஏறும்போது செலவானது முழுதும் வராது. ஆனால் அடிவாரம் வரும்போது பேட்டரி சதவீதம் மேலே இருந்ததைவிடக் கூடியிருக்கும். பெட்ரோல் வண்டியை இரண்டாவது கியரில் இறக்கினாலும் பெட்ரோல் அதிகம் குடிக்காதுதான். டேங்குக்கு ஒரு சொட்டும் திரும்பாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தோட்டத்து வீட்டில் பேட்டரியை 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கினால், திரும்பி வரும் கரண்டை வாங்க பேட்டரியில் இடம் இருக்காது. மோட்டார் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். மேலே சார்ஜ் போடுகிறவர்கள் 80, 85 சதவீதத்தில் நிறுத்திவிடுவது நல்லது.

கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் சேர்ந்தால் கொண்டை ஊசி வளைவுகளில் ஊர்ந்துதான் போக வேண்டியிருக்கும். அப்போது கிளட்ச் தேய்கிற வாசனை நம் எல்லோருக்கும் தெரியும். எலெக்ட்ரிக் வண்டியில் கிளட்சே கிடையாது. நிற்கும்போது ஏசி, விளக்கு தவிர வேறு செலவும் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே வயதான அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு மலை ஏறுகிறவர்களுக்கு எலெக்ட்ரிக்கைத் தயங்காமல் சொல்வேன்.

சரி, பணக்கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. எலெக்ட்ரிக்குக்கு அதே 5 சதவீதம்தான். வரியில் எலெக்ட்ரிக்குக்கு இருந்த சலுகையின் பலம் குறைந்து, விலை இடைவெளி கூடிவிட்டது. எலெக்ட்ரிக் வண்டிக் கடன் வட்டிக்கு வருமான வரியில் கிடைத்த 80இஇபி கழிவும் 2023 மார்ச் 31க்குப் பிறகு அனுமதியான கடன்களுக்குக் கிடையாது. அதை நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம்.

ஒரே மாடலில் இரண்டுக்கும் இடைவெளி இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மலை ரோட்டில் லிட்டருக்கு 15, 16 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் காருக்கு கிலோமீட்டருக்கு ஆறரை ரூபாய் ஆகும். வீட்டில் சார்ஜ் போட்டால் எலெக்ட்ரிக்குக்கு ஒன்றேகால், ஒன்றரை ரூபாய். வருஷம் 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் நாலு, நாலரை வருஷத்தில் கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பிவிடும். பேட்டரிக்குப் பெரும்பாலான கம்பெனிகள் 8 வருஷ வாரண்டி தருவதால் அதற்குப் பிறகும் நிம்மதியாக ஓட்டலாம். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுத்து வருஷம் 5,000 ஓட்டுகிறவர்களுக்குப் பத்து வருஷம் ஆகும். அவர்கள் பெட்ரோலே வாங்கலாம்.

வீட்டுக் கரண்டிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு 8 ரூபாய்க்கு மேல் போகும். கார் மட்டும் இரண்டு மாதத்தில் 300 யூனிட் இழுக்கும். அதனால் முதல் 100 யூனிட் இலவசம் என்பதை வைத்து காரின் செலவைக் கணக்கிடாதீர்கள். குமுளியில் வீடு உள்ளவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். கேரள மின்வாரியக் கட்டணத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே கூடுதல் விலைதான். கம்பம் பள்ளத்தாக்கில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டால் மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. காரையும் சோலாரையும் சேர்த்து யோசிப்பதுதான் லாபம்.

பழைய வீடுகளில் இன்னொரு சிக்கல். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். வண்டி வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைப் புதிதாகப் போட்டு, 15 ஆம்பியர் பிளக்குக்குத் தனி வயர் இழுத்துவிடுங்கள்.

அப்புறம் ஜீப். மெட்டைத் தாண்டித் தார் ரோடு முடிந்து, கல் பெயர்ந்த தோட்டப் பாதையில் இறங்கினால் சின்ன எலெக்ட்ரிக் கார் தோற்றுவிடும். அடிவயிற்றில் பேட்டரி இருக்கும் வண்டியைக் கல்லில் தட்டவிடுவது பெரிய ஆபத்து. ஆட்களை ஏற்றிப் போகவும், உர மூட்டை, ஏலக்காய் மூட்டை சுமக்கவும் டீசல் ஜீப்புக்கு இன்னும் மாற்று வரவில்லை. தென்மேற்கு மழையில் மரம் விழுந்து மேலே கரண்ட் போனால் நாள் கணக்கில் வராமல் இருப்பதும் உண்டு. தோட்டத்திலேயே தங்குகிறவர்களுக்கு என் பதில் ஜீப்தான்.

வெளியூர்ப் பயணத்தில் மதுரை பிரச்சினையே இல்லை, பெரும்பாலும் சமவெளி. கோட்டயம் வேறு மாதிரி. போகும்போது இறக்கத்தில் மிச்சமாகும் சார்ஜைப் பார்த்து ஏமாறக்கூடாது. திரும்பும்போது முண்டக்கயம் தாண்டிக் குட்டிக்கானம் வரை 1,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். கோட்டயத்திலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். வழியில் ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய்க்கு மேலும் போகும் என்பதால் அன்றைக்கு மட்டும் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் ஆகும். அப்போதும் பெட்ரோலில் பாதிதான்.

கீழே கார் ஷெட்டோடு சொந்த வீடு, தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு ஜீப் என்றால் அடுத்த வண்டி எலெக்ட்ரிக்காக இருக்கட்டும். ஒரே வண்டியில் தோட்டம், லோடு, குடும்பம் எல்லாம் பார்க்க வேண்டும் என்றால் இன்றைக்கு எலெக்ட்ரிக் வேண்டாம். எதுவானாலும் டெஸ்ட் டிரைவை தேனி பைபாஸோடு முடித்துக்கொள்ளாதீர்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு மெட்டு செக்போஸ்ட் வரை போக வேண்டும் என்று ஷோரூமில் பிடிவாதமாகக் கேளுங்கள். அடிவாரத்தில் ஒரு முறை, மேலே ஒரு முறை, இறங்கிய பிறகு ஒரு முறை பேட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.