பெகூ பக்கம் வாங்கிய மண்கல்

அம்மா இருந்த பழைய மரவீட்டை இறக்கிவிட்டு, பர்மாவின் பெகூ ஊரில் அதே மனையில் இரண்டு அறை கட்டினோம். சுவருக்கு 2,000 கல். எல்லாம் ரங்கூன் சாலையோரம் உள்ள ஒரு பட்டறையில் வாங்கியது. செம்மண், மணல், கொஞ்சம் சிமென்ட் கலந்து மெஷினில் அழுத்தி எடுக்கிற இன்டர்லாக் கல், அதாவது ஒன்றோடொன்று கோத்து நிற்கிற, துளையுள்ள கல். சூளையே கிடையாது. நான் தேடிப் போனதும் அதற்காகத்தான்.

சின்ன வயதில் எங்கள் தெருக்கோடியில் ஒரு காளவாய் இருந்தது. நாள்கணக்கில் உமியும் விறகும் எரியும். கொடியில் காயும் துணியெல்லாம் கரி படியும். செங்கல் வேக 900, 1,000 டிகிரி சூடு வேண்டுமே!

சிமென்ட் அதைவிட மோசம். அதன் சூளை 1,450 டிகிரி வரை போகும். வேகிற சுண்ணாம்புக்கல்லே கரியமில வாயுவைக் கக்கும். அதனால் நான் முதலில் கேட்டது, "எத்தனை பங்கு சிமென்ட் போடுறீங்க?" என்றுதான். "நூற்றுக்கு எட்டு அக்கா" என்றார் பட்டறைத் தம்பி. கலக்கும்போது பக்கத்தில் நின்று மூட்டை எண்ணினேன். சரியாகவே இருந்தது. கூடுதலாகப் போட்டால் நெருப்பை மிச்சப்படுத்திய பலனே போய்விடும்.

குறை முதல் லோடில். ஒரு வாரம்கூட ஆகாத கல்லை அனுப்பிவிட்டார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் மூலை பொடியாக உதிர்ந்தது. இந்தக் கல்லை ஈரச் சாக்கு போர்த்தி மூன்று வாரமாவது வைத்திருக்க வேண்டும். போன் போட்டதும் 300 கல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மாற்றுக் கல் வர பத்து நாள். மேஸ்திரிக்குச் சும்மா கொடுத்த கூலிக்கு ஒரு காசு ஈடுகட்டவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அப்புறம் வந்த கல்லில் ஒன்றை ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் போட்டேன். காலையில் அடியில் ஒரு சிட்டிகை மண், விளிம்பெல்லாம் கூர்மையாக அப்படியே. துளை வழியே கம்பி விட்டுக் கலவை ஊற்றலாம் என்பது பெரிய ஆறுதல். 2025 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு கம்பியில்லாத சுவர் கட்ட மனம் வரவில்லை. அடி மூன்று வரிசைக்கு மட்டும் சுட்ட செங்கல் வைத்தோம். மழைத் தண்ணீர் தேங்குகிற இடத்தில் மண்கல் கூடாது.

அண்ணன் வீட்டுச் சமையல்கட்டுக்கு இப்போது 600 கல் சொல்லியிருக்கிறோம். இந்தத் தடவை தை மாதமே முன்பணம் கொடுத்து, அழுத்திய தேதியைக் கல்லடுக்கில் எழுதி வைக்கச் சொல்லிவிட்டேன்.