சுருக்கப்பட்ட கோப்புகளைக் காசில்லாமல் திறக்க: விண்டோஸா, 7-ஜிப்பா, பீஜிப்பா?

ஜிப் கோப்பு மட்டும்தான் வருகிறது என்றால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே அதைத் திறக்கும் வசதி கணினியிலேயே இருக்கிறது. ரார், 7இசட் எனும் வேறு வகைச் சுருக்கக் கோப்புகள் வந்து சேரும்போதுதான் சிக்கல். விண்டோஸ் 11-க்கு 2023-இன் இறுதியில் வந்த புதுப்பிப்பு அவற்றையும் திறக்க வழிசெய்தாலும், கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய ரார், 7இசட் கோப்புகளை அது அப்போது ஏற்கவில்லை. விண்டோஸ் 10-இலோ இந்த வசதியே கிடையாது.

ரார் என்றதும் பலரும் நாடுவது வின்ரார். ஆனால் அது இலவச மென்பொருள் அன்று. 40 நாள் சோதனைக் காலம் முடிந்த பிறகும் அது இயங்குகிறது என்பது உண்மைதான். உரிம விதிப்படி அதற்குப் பிறகு பணம் கட்டியே பயன்படுத்த வேண்டும். ரார் கோப்புகளை உருவாக்கும் தேவை இருப்பவர்கள் அதை வாங்கலாம், திறப்பதற்கு மட்டும் தேவையில்லை.

என் தேர்வு 7-ஜிப். இகோர் பாவ்லோவ் என்ற நிரலாளர் 1999 முதல் வளர்த்து வரும் இந்தத் திறமூல (நிரலை யாரும் பார்க்கக்கூடிய) மென்பொருளை வீட்டிலும் அலுவலகத்திலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பூட்டிய கோப்புகளையும் கடவுச்சொல் கேட்டுத் திறந்துவிடும். கோப்பின் மீது வலது சொடுக்கினால் வரும் பட்டியலில் 'எக்ஸ்ட்ராக்ட் ஹியர்' என்பதை அவசரத்தில் அழுத்திவிடாதீர்கள். உள்ளே 300 படங்கள் தனித்தனியாக இருந்தால் அத்தனையும் முகப்புத்திரை முழுக்கச் சிதறிவிடும். அதனருகிலேயே கோப்பின் பெயரோடு இருக்கும் 'எக்ஸ்ட்ராக்ட் டு' தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி அதற்குள் விரித்து வைக்கும். பார்ட்1, பார்ட்2 எனத் துண்டுகளாக வரும் ரார் கோப்புகளை, எல்லாத் துண்டுகளையும் ஒரே கோப்புறையில் வைத்து, முதல் துண்டை மட்டும் விரித்தால் போதும். மற்றவற்றை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும்.

7-ஜிப்பின் தோற்றம் பழையது என்று தயங்குபவர்களுக்குப் பீஜிப் பொருந்தும். அதுவும் திறமூல மென்பொருள்தான். 7-ஜிப்பின் இயந்திரத்தையே உள்ளே வைத்துக்கொண்டு, பார்க்க எளிதான முகப்பைத் தருகிறது. லினக்சிலும் இதே முகப்பு கிடைப்பது கூடுதல் வசதி.

7-ஜிப்பில் எனக்குள்ள ஒரே மனக்குறை, அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது என்பதுதான். இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளுக்கு விண்டோஸ் இடும் எச்சரிக்கைக் குறி, விரித்தெடுத்த கோப்புகளுக்குச் சென்று சேராமல் போகக்கூடிய ஓட்டை ஒன்று 2024 நவம்பரில் வெளியான 24.09 பதிப்பில்தான் அடைக்கப்பட்டது. ஆகையால் 'ஹெல்ப்' பட்டியலில் பதிப்பு எண்ணைப் பார்த்து, அது பழையதாக இருந்தால் 7-ஜிப்பின் சொந்தத் தளத்திலிருந்தே புதியதை இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள்.