12 அடி ரிவெட் படகா, 14 அடி வெல்டிங் படகா?

மும்பை செம்பூர் நண்பர் மீன்பிடிக்கப் படகு வாங்க, இரண்டு அலுமினியப் படகையும் பார்த்துவிட்டு வந்து எதை வாங்கலாம் என்று கேட்கிறார். நீளம், இருக்கை, மோட்டார் திறனெல்லாம் கடைக்காரரே சொல்லியிருப்பார். கசிவைப் பற்றி மட்டும் வாய் திறந்திருக்க மாட்டார்.

தகடுகளை ரிவெட் ஆணியால் இணைத்த படகு கசியும். புதிதில் கசியாது. மனோரி, வசாய் கிரீக் (கடல் கழி) அலையில் சில சீசன் அணியம், அதாவது படகின் முன்பக்கம், அடிபட்ட பிறகு ரிவெட் ஒன்றிரண்டு தளரும். அரை நாளில் காலடியில் இரண்டு மக் தண்ணீர் நிற்கும். முழுகிவிடாது, ஆனால் சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்க முடியாது.

எந்த ரிவெட் என்று தெரிய, படகைக் கட்டையில் ஏற்றி உள்ளே 3 அங்குலத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கு முன் நடுவில் நாலு இடத்தில் முட்டுக் கொடுங்கள். அந்தத் தண்ணீரே 200 கிலோவைத் தொடும். வெளியே ஈரம் கோர்க்கும் ரிவெட் தலைகளை மார்க்கரில் வட்டமிட்டுக் காயவிட வேண்டும். ஒருவர் உள்ளே கனமான இரும்புக் கட்டியை ரிவெட்டின் உள்முனையில் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் வெளியிலிருந்து தலையில் சுத்தியலால் அளவாக நாலு தட்டு. துளையே அகன்றிருந்தால் தட்டிப் பயனில்லை. பாலியூரித்தேன் சீலன்ட் தடவி ஒரு சைஸ் பெரிய ரிவெட் அடிக்க வேண்டும். சாதாரண பாப் ரிவெட் (ஒரு பக்கமிருந்தே ஆணியை இழுத்து இறுக்கும் குழாய் ரிவெட்) போட்டுத் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதன் நடுத்துளை வழியாகவே தண்ணீர் வரும். உள்ளே சிக்கிய இரும்பு ஆணி துருப்பிடித்து, சுற்றியுள்ள அலுமினியத்தையும் அரிக்கும்.

வெல்டிங் படகில் இந்தப் பாடு இல்லை. 3 மி.மீ. தகடு, பாறையில் உரசினால் கீறலோடு போகும். எழுந்து நின்று தூண்டில் வீசினாலும் அவ்வளவாக ஆடாது. வெல்டு விரிந்தால்தான் வம்பு. தெருமுனைப் பட்டறை உதவாது, ஆர்கான் வாயு வைத்து அலுமினியம் ஒட்டிப் பழகிய கை வேண்டும்.

உப்புத் தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். தூண்டிலின் ஈயக் குண்டு ஒன்று அடித்தட்டு ஈரத்தில் மறந்து கிடந்தால் அங்கே வெள்ளைப் பொடி பூக்கும், சுரண்டினால் குழி. செம்புக் கம்பித் துண்டும் அப்படியே. செம்பு கலந்த அடிப்பூச்சு கூடவே கூடாது. துத்தநாக அனோடு (படகுக்குப் பதில் தான் கரைய வைக்கும் துண்டு) பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன்மேல் பெயின்ட் அடித்து அழகுபார்த்தால் அது வேலை செய்யாது.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், மழை வேறு. ரிவெட் படகை இரண்டு பேர் கவிழ்த்து வைத்துவிடலாம். வெல்டிங் படகு என்றால் அணியத்தை உயர்த்தி, தண்ணீர் வடியும் துளையின் பிளக்கைக் கழற்றி, வாரம் ஒருமுறை துளையில் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவு திட்டிவிட்டு வாங்கச் சொல்வது ரிவெட்டைத்தான். வத்தத்தில், அதாவது கடல் வற்றும் நேரத்தில், கிரீக் ஓரமெல்லாம் முட்டி ஆழச் சேறு. 60 கிலோ படகை இரண்டு பேர் இழுத்துத் தண்ணீரில் தள்ளலாம். 130 கிலோ படகு, மேலே மோட்டார் என்றால், அடுத்த ஏற்றம் வரும்வரை கொடுவா பிடிக்க வந்த கையால் கொசு அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.