சேலைப் பெட்டிக்கு எந்த வாசப் பை: வெட்டிவேரா, பூவா?

போன புரட்டாசியில் இரண்டாங்கட்டு அலமாரியைத் திறந்ததும் அந்துருண்டை வாடை முகத்தில் அடித்தது. செட்டிநாட்டுப் பருத்திச் சேலையான கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு வந்தது 2019ல்தான். அப்பத்தா விட்டுப்போன கண்டாங்கிகள் அதற்கு அரை நூற்றாண்டு முந்தியவை. அவற்றை அந்த நாற்றத்தோடு கல்யாண வீட்டுக்குக் கட்டிப் போக மனசு வரவில்லை.

சரி, தோட்டத்தில் இருப்பதை வைத்தே பை தைக்கலாம் என்று இறங்கினேன். பழைய வேட்டித் துணி, உள்ளங்கை அளவு, வாயில் ஒரு நாடா. தையலில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அலமாரியின் ஒரு தட்டில் பன்னீர் ரோஜா இதழும் மரிக்கொழுந்தும் போட்ட பை, இன்னொன்றில் மகிழம்பூ, மூன்றாவதில் வெட்டிவேர். மல்லிகையைச் சேர்க்கவே இல்லை. காய்ந்தால் அது பழுப்புச் சருகுதான்.

ஒரு வருஷம் ஆகிறது. இப்போது நான் வெட்டிவேர்க் கட்சி.

முதல் மாதம் கேட்டிருந்தால் ரோஜாப் பை என்றுதான் சொல்லியிருப்பேன். திறந்தவுடன் மணம் ஆளைத் தூக்கும். ஆனால் ஒரு கூடை இதழ் காய்ந்தால் இரண்டு கைப்பிடிதான் தேறும். நிழலில், விரல் பட்டால் நொறுங்கும்வரை காய வேண்டும். நான் ஐப்பசி மழையில் வீட்டுக்குள் பட்டாலையில் பரப்பி, இரண்டே நாளில் அவசரப்பட்டுக் கட்டிவிட்டேன். பூஞ்சை பிடித்து, ஒரு வெள்ளை ரவிக்கையில் கறையும் விழுந்தது. தப்பு என்னுடையது. மறுபடி தை வெயில் காலத்தில் ஒழுங்காக உலர்த்திக் கட்டினேன். அதுவும் சித்திரைக்குள் மங்கிவிட்டது. மரிக்கொழுந்து பொடியாகித் துணி வழியே உதிர ஆரம்பித்தது. வாசம் போன பூவை என்ன செய்வது? கொட்டிவிட்டுப் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

எனக்கு முடிவைச் சொன்னது இந்த இடம்தான். பூவின் மணம் லேசானது, சீக்கிரம் பறந்துவிடும். வெட்டிவேர் எண்ணெய் கனமானது, மெல்லத்தான் ஆவியாகும். அத்தர் செய்கிறவர்கள் மற்ற வாசனைகளை நிறுத்தி வைக்க அதைச் சேர்ப்பதும் அதனால்தான். நான்கைந்து மாதம் கழித்து மணம் குறைந்த மாதிரி இருந்தால், வேரை வெளியே எடுத்துத் தண்ணீர் தெளித்து, முற்றத்து ஓரத்தில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுகிறேன். மண்வாசனையோடு திரும்ப எழுகிறது. இதுவரை இரண்டு முறை செய்தாயிற்று, அதே வேர்தான். ஈரம் கொஞ்சமும் இல்லாமல் பைக்குள் போக வேண்டும், அவ்வளவே.

குறை இல்லாமல் இல்லை. முதலில் மூன்று நான்கு தண்ணீராவது அலச வேண்டும்; இல்லாவிட்டால் மண் பைத் துணியில் ஏறும். வேர் முனை ஒற்றைத் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும், அதனால் இரட்டைத் துணி. வளர்ப்பதற்கும் பொறுமை வேண்டும். பானைத் தண்ணீரில் போடுவதற்கென்று கிணற்றடியில் சாக்கில் மணல் நிரப்பி நட்டு வைத்திருந்தது எனக்குக் கைகொடுத்தது. தரையில் நட்டால் நம்மூர் இறுகிய மண்ணில் வேர் அறுந்துதான் வரும்; சாக்கைக் கிழித்தால் முழுசாக வரும். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்க முடியாதவர்களுக்கு நாட்டுமருந்துக் கடை இருக்கிறது.

பூச்சி விஷயத்தில் அடித்துச் சொல்ல மாட்டேன். என் மூன்று தட்டிலும் பூச்சி அரிக்கவில்லை, ஆனால் ஒரு வருஷக் கணக்கு போதாது. கூடவே இரண்டு துண்டு வசம்பும் வைத்திருந்ததால் பெருமை யாருக்கு என்றும் தெரியாது.

மகிழம்பூவைத் தள்ளிவிடவும் முடியவில்லை. விடியலில் மரத்தடியில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கினால் போதும், வாடினாலும் மணம் நிற்கிறது, குத்துவதும் இல்லை. அதனால் பட்டுச் சேலைத் தட்டுக்கு மட்டும் அதையே வைத்திருக்கிறேன். ஜரிகையில் வேர் மாட்டினால் அப்புறம் யார் அழுவது?