ஹியூஸா, காக்கோவா? ரெடியாக வந்தவரும் ரெடியாகாமல் வந்தவரும்

2019 ஜனவரி 5, வான்கூவர். இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியின் இறுதி ஆட்டம். அமெரிக்கா 2, பின்லாந்து 2. முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அமெரிக்காவின் கோல் வாசலில் தள்ளுமுள்ளு. அதற்குள் மட்டையை நீட்டி ரப்பர் வட்டை உள்ளே தள்ளினான் துர்க்கு நகரத்துப் பையன் ஒருவன். பெயர் காப்போ காக்கோ, வயது 17. பின்லாந்துக்குத் தங்கம். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அமெரிக்க அணியில் அதே 17 வயதில் இன்னொருவர் இருந்தார்: ஜாக் ஹியூஸ்.

ஐந்தரை மாதம் கழித்து, ஜூன் 21 அன்று, அதே அரங்கில் டிராஃப்ட் நடந்தது. வட அமெரிக்காவின் உச்ச ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் அணிகள் முறை வைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் அது. நியூஜெர்சி டெவில்ஸ் முதல் ஆளாக ஹியூஸை எடுத்தது. அடுத்த முறை நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு. அவர்கள் காக்கோவை எடுத்தார்கள். ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். இதற்கப்புறம் இரண்டு பேரையும் ஒப்பிடக் கூடாது என்று யார் சொன்னால் எடுபடும்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அன்று காக்கோ கட்சி. டெவில்ஸ் தப்பான பையனை எடுத்துவிட்டது என்று சண்டையே போட்டிருக்கிறேன். அன்று அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. காக்கோ ஆடியது பின்லாந்தின் முதல்தர லீக்கில். தாடி வைத்த, கல்யாணமான ஆட்களோடு மோதி 45 ஆட்டங்களில் 22 கோல், மொத்தம் 38 புள்ளி. (கோலுக்கு ஒரு புள்ளி, கோலுக்கு முந்தைய பாஸ் கொடுத்தவர்களுக்கு, அதிகபட்சம் இரண்டு பேருக்கு, அசிஸ்ட் என்று தலா ஒரு புள்ளி. இதுதான் கணக்கு.) டிராஃப்டுக்குப் போகும் வயதில் அந்த லீக்கில் அதுவரை யாரும் 22 கோல் அடித்ததில்லை. பிறகு மே மாதம் பெரியவர்களின் உலகச் சாம்பியன்ஷிப்புக்குப் போய் 10 ஆட்டங்களில் 6 கோல், இன்னொரு தங்கம். ஆறடி இரண்டு அங்குல உயரம். டைப் 1 சர்க்கரை நோயோடு இதையெல்லாம் செய்கிறார் என்பது வேறு.

ஹியூஸ் பக்கக் கணக்கு வேறு மாதிரி. அமெரிக்கா தன் பதின்ம வயது வீரர்களைத் திரட்டி வளர்க்கும் தேசிய அணியில் இரண்டு ஆண்டு. 110 ஆட்டங்களில் 228 புள்ளி, அங்கே அது சாதனை. ஆனால் அதில் பெரும்பகுதி சக வயதுப் பையன்களுக்கு எதிராக. போதாததற்குப் பக்கத்தில் ஆடியவர் கோல் கோஃபீல்ட் என்ற பையன், கடைசி ஆண்டில் மட்டும் 64 ஆட்டங்களில் 72 கோல் அடித்தவர். அவர் பக்கத்தில் நின்றால் யாருக்கும் அசிஸ்ட் கிடைக்கும் என்று நாங்கள் கேலி செய்தோம். உயரம் ஐந்தடி பத்து, ஒல்லி. அப்பா ஹாக்கிப் பயிற்சித் துறை ஆள், அம்மா அமெரிக்க மகளிர் அணியில் ஆடியவர், அண்ணன் குயின் முந்தைய ஆண்டே டிராஃப்டில் ஏழாவது. ஊட்டி வளர்த்த பிள்ளை, இன்னும் உடம்பு முற்றவில்லை. காக்கோ ரெடி, ஹியூஸ் இன்னும் இல்லை. அன்றைய வாதத்தின் சாரம் இவ்வளவுதான்.

முதல் ஆண்டு எங்கள் பக்கம் பேசியது போலத்தான் இருந்தது. ஹியூஸின் முதல் என்எச்எல் கோல் அக்டோபர் 19 அன்று, அண்ணன் அப்போது ஆடிய வான்கூவர் அணிக்கு எதிராகவே வந்தது. நல்ல கதை. அதற்கப்புறம் நல்ல கதை அதிகம் இல்லை. சீசன் முழுக்கவே 7 கோல். இரண்டு பேரின் முதல் ஐந்து சீசனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி வரும்:

2019-20: ஹியூஸ் 61 ஆட்டம், 21 புள்ளி. காக்கோ 66 ஆட்டம், 23 புள்ளி.
2020-21: ஹியூஸ் 56 ஆட்டம், 31 புள்ளி. காக்கோ 48 ஆட்டம், 17 புள்ளி.
2021-22: ஹியூஸ் 49 ஆட்டம், 56 புள்ளி. காக்கோ 43 ஆட்டம், 18 புள்ளி.
2022-23: ஹியூஸ் 78 ஆட்டம், 99 புள்ளி. காக்கோ 82 ஆட்டம், 40 புள்ளி.
2023-24: ஹியூஸ் 62 ஆட்டம், 74 புள்ளி. காக்கோ 61 ஆட்டம், 19 புள்ளி.

2022-23இல் ஹியூஸ் எடுத்த 99 புள்ளியை டெவில்ஸ் வரலாற்றில் அதற்கு முன் யாரும் ஒரே சீசனில் எடுத்ததில்லை. விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்கிற பழமொழியை இந்தப் பட்டியலின் முதல் வரிக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். ஒன்றும் தெரியவில்லை. காக்கோதான் இரண்டு புள்ளி முன்னால் இருக்கிறார்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு எண்களைவிட ஆட்டத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். இருவருடைய தாக்குதலும் தொடங்கும் இடமே வேறு.

காக்கோவின் இடம் எதிரணி மூலை. வட்டு பலகைச் சுவரோரம் கிடக்கிறது, தடுப்பாட்டக்காரர் முதுகில் ஏறி நிற்கிறார். காக்கோ நாற்காலியில் உட்காருவது போல இடுப்பைத் தாழ்த்துவார். ஒரு காலைப் பக்கவாட்டில் ஆப்பு மாதிரி ஊன்றுவார். ஒற்றைக் கையில் மட்டையை நீட்டி, வட்டை எதிராளிக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொள்வார். பின்னால் இருப்பவர் வலது பக்கம் தள்ளினால் இவர் அந்தத் தள்ளலை வாங்கியே இடது பக்கம் உருளுவார். நாலு வினாடி, அஞ்சு வினாடி, வட்டு போகாது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்த அஞ்சு வினாடி முடிந்தபோதும் வட்டு மூலையில்தான் இருக்கும். அதைக் கோலாக்க, சரியான நொடியில் சரியான இடத்துக்கு வேறொருவர் வந்து சேர வேண்டும். வட்டை அந்த மூலைக்குக் கொண்டுவந்ததும் பெரும்பாலும் வேறொருவர்தான்.

ஹியூஸின் இடம் நீலக்கோடு, அதாவது எதிரணிப் பகுதிக்குள் நுழையும் வாசல். தன் பகுதியிலேயே வட்டை வாங்கி, நடுவழியாகக் குறுக்குக்கால் போட்டபடி வருவார். மற்றவர்கள் திரும்பும்போது வேகம் குறையும், இவருக்குத் திரும்பத் திரும்பத்தான் வேகம் ஏறும். எதிரே இருக்கும் தடுப்பாட்டக்காரர் பின்னோக்கிச் சறுக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுவார். கோட்டைத் தாண்டி ரெண்டு தள்ளு. அங்கே சட்டென்று சுவர்ப் பக்கமாகத் திரும்பி நிற்பார். பின்னோக்கிப் போனவரால் உடனே நிற்க முடியாது, ரெண்டு மட்டை நீளம் தள்ளிப் போய்விடுவார். அந்த இடைவெளிதான் ஹியூஸ் சம்பாதித்தது. தலை நிமிர்ந்திருக்கும், பின்னால் தாமதமாக வரும் சக வீரரின் மட்டைக்கு வட்டு போய்விடும். ஆள் வராவிட்டால் தானே உள்ளே வெட்டி அடிப்பார். 99 புள்ளி எடுத்த ஆண்டில் அவர் கோலை நோக்கி அடித்தவை 336, அதில் 43 கோல்.

2019இல் நான் பார்க்கத் தவறியது இதைத்தான். தனக்கு வேண்டிய இடத்தையும் நேரத்தையும் தானே உண்டாக்குவது ஒரு திறமை. கிடைத்த இடத்தை விடாமல் காப்பது இன்னொரு திறமை. பின்லாந்து லீக்கில் இரண்டாவது பெரிதாகத் தெரிந்தது, ஏனென்றால் ஆண்களோடு மோதி அவர் அதைச் செய்தார். என்எச்எல்லில் எல்லாருமே அந்த அளவு உடம்பு. ஆடுகளமும் அகலம் குறைந்தது: 85 அடி. ஐரோப்பாவில் 98 அடி வரைக்கும் உண்டு. சுவர் பக்கத்தில் வந்துவிட்டது, திரும்புவதற்குள் இரண்டாவது ஆள் வந்துவிடுகிறார். காக்கோவின் பலம் அப்படியே இருந்தது, அதற்கிருந்த மதிப்புதான் குறைந்துபோனது.

ஹியூஸுக்கோ உடம்பு மட்டும்தான் குறை. அதற்குக் காலமும் கைகொடுத்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் லீக் நின்றபோது டெவில்ஸ் சீசன் அதோடு முடிந்தது, அடுத்தது 2021 ஜனவரியில்தான். பத்து மாதம்! எடை கூட்ட வேண்டிய 19 வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல விடுமுறை கிடைக்காது. திரும்பி வந்தபோது இடித்தால் விழாத ஆள் வந்திருந்தார்.

சரி, முழுக்க ஆளைப் பொறுத்ததுதானா? இல்லை. போய்ச் சேர்ந்த வீட்டையும் பார்க்க வேண்டும்.

டெவில்ஸ் அப்போது மோசமான அணி. முதல் சீசன் பாதியில் பயிற்சியாளர் மாறினார், நட்சத்திர வீரர் டெய்லர் ஹால் வேறு அணிக்கு அனுப்பப்பட்டார். தோற்றாலும் பரவாயில்லை, பையன் ஆடட்டும் என்று விட்டார்கள். ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை என்று நாங்கள் அதையும் நக்கல் அடித்தோம். 2021 நவம்பரில், மொத்தம் 119 ஆட்டமே ஆடியிருந்த, அதுவும் தோள்பட்டை விலகி வெளியே உட்கார்ந்திருந்த ஹியூஸுக்கு எட்டு ஆண்டுக்கு 6.4 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். பைத்தியக்காரத்தனம் என்றார்கள் சிலர். இன்று பார்த்தால் லீக்கின் மலிவான ஒப்பந்தங்களில் ஒன்று அது.

ரேஞ்சர்ஸ் வீடு வேறு. காக்கோவை எடுத்த பத்தாவது நாள் நட்சத்திர விங்கர் (ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரர்) ஆர்டெமி பனாரினை ஏழு ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்தார்கள். தாக்குதலில் ஸிபனெஜாட், கிரைடர் ஏற்கெனவே இருந்தார்கள். ஜெயிக்கும் அவசரத்தில் இருந்த அணி. அங்கே அப்போது பவர் பிளே எப்படி நடக்கும் என்றால், கல்யாண வீட்டில் முதல் பந்தி மாதிரி. எதிரணியில் ஒருவர் தண்டனையில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் பனாரின் கூட்டம் ஒன்றரை நிமிடம் எழுந்திருக்காது. இரண்டாம் பந்திக்குக் காக்கோ போய் உட்காரும்போது இலையில் ரசம்தான் மிச்சம். தாக்குதல் வீரருக்குப் புள்ளி சேரும் நேரமே அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், 2020இல் ரேஞ்சர்ஸ் சீக்கிரம் தோற்று வெளியேறியதில் டிராஃப்ட் வரிசைக்கான குலுக்கலில் முதல் எண் கிடைத்து, அலெக்ஸி லாஃப்ரெனியேர் என்ற இன்னொரு இளம் விங்கர் வந்து சேர்ந்தார். மேல் வரிசைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இப்போது இரண்டு. 2022 பிளேஆஃபில், அதாவது சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்றுகளில், இவர்களோடு ஃபிலிப் ஹிட்டில் என்ற இன்னொரு இளைஞர் நடுவில் ஆட, 'கிட் லைன்' (சின்னப் பையன்கள் வரிசை) என்று பெயர் வாங்கினார்கள். நன்றாகவே ஆடினார்கள். ஆனால் அரையிறுதியில், தம்பா பே அணிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில், காயம் எதுவும் இல்லாத காக்கோவை வெளியே உட்காரவைத்தார் பயிற்சியாளர். தோற்றால் சீசன் முடிந்தது என்ற ஆட்டம். முடிந்தது.

என்னைக் கேட்டால் பெரிய தவறு அதைவிட முன்னாலேயே நடந்தது. ஹிட்டிலை ரேஞ்சர்ஸ் 2017இல் கீழ்நிலை அணியான ஹார்ட்ஃபோர்டுக்கு அனுப்பி ஆடவைத்தார்கள். காக்கோவுக்கும் அந்த வழி திறந்தே இருந்தது. அங்கே ஒரு சீசன், முதல் பந்தியில் உட்கார்ந்து, நீலக்கோட்டைத் தானே வட்டோடு தாண்டிப் பழகியிருக்கலாம். ரெடி என்று எல்லாரும் சொல்லிவிட்டதால் அனுப்பவில்லை. அந்தச் சொல் அவருக்குச் சாபமாகவே போயிற்று.

ஹியூஸ் பக்கம் எல்லாம் பூ என்றும் சொல்ல முடியாது. சென்டராக, அதாவது நடுவில் ஆடுபவர், ஃபேஸ்ஆஃபில் (நடுவர் வட்டைக் கீழே போடும்போது அதைக் கைப்பற்றும் போட்டியில்) ஜெயிக்க வேண்டும், அதில் ஹியூஸ் பலவீனம். 2024 ஏப்ரலிலும் 2025 மார்ச்சிலும் தோளில் அறுவை சிகிச்சை. இரண்டு சீசனிலும் ஆடியது 62 ஆட்டம்தான். ஒல்லிப் பையன் தாங்குவானா என்ற பழைய கேள்வி இன்னும் சாகவில்லை. வட்டு இல்லாத நேரத்தில் நான் நம்புவது காக்கோவைத்தான், அவர் களத்தில் இருக்கும்போது எதிரணிக்கு நல்ல வாய்ப்பு லேசில் கிடைக்காது. ஆனால் இரண்டாவது எண்ணில் ஓர் ஆளை எடுப்பது அதற்காக இல்லையே.

ஆளா, இடமா என்ற கேள்விக்கு ஓரளவு பதில் 2024 டிசம்பர் 18 அன்று கிடைத்தது. ரேஞ்சர்ஸ் காக்கோவை சியாட்டில் கிராகனுக்கு அனுப்பி, வில் போர்கன் என்ற தடுப்பாட்டக்காரரையும் மூன்றாம், ஆறாம் சுற்று டிராஃப்ட் முறைகளையும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு காலத்தில் டெவில்ஸே ஏங்கும் என்று நாங்கள் நினைத்த ஆளுக்குக் கிடைத்த விலை அது. சியாட்டிலில் மேல் வரிசையில் நிறைய நேரம் ஆடினார், 49 ஆட்டங்களில் 30 புள்ளி. முழு சீசனுக்கு நீட்டினால் 50 வரும்.

அப்படியானால் கணக்கு இதுதான். ரேஞ்சர்ஸ் வீட்டில் அவர் இழந்தது ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து புள்ளி, அதோடு 18 முதல் 23 வரையான வயது. ஹியூஸை அதே ரேஞ்சர்ஸ் எடுத்திருந்தால் 99 ஒருவேளை 2022-23இல் வந்திருக்காது, ஒன்றிரண்டு ஆண்டு தள்ளி வந்திருக்கும். காக்கோவை டெவில்ஸ் எடுத்திருந்தால் 60 வந்திருக்கலாம். 99 எங்கே போயிருந்தாலும் வந்திருக்காது. 2023 பிளேஆஃபின் முதல் சுற்றில் இரண்டு அணியும் நேருக்கு நேர் மோதின. ஏழாவது ஆட்டத்தில் டெவில்ஸ் 4-0. அந்த இரவோடு நான் கட்சி மாறிவிட்டேன். ஆனாலும் சியாட்டில் ஆட்டம் ஓடும்போது, காக்கோ மூலையில் இடுப்பைத் தாழ்த்தினால், போனை ஓரமாக வைத்துவிட்டு அந்த அஞ்சு வினாடியைப் பார்க்கிறேன்.