நாற்பது ஆண்டு தாமதமாக வந்த நீலம்: கும்பகோணத்தில் ஒரு கேசட் மாற்றும் கடை

பழைய வி.எச்.எஸ். கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் கடைகள் காவிரிக் கரை ஊர்களில் இப்போது தேடினால்தான் கிடைக்கின்றன. கும்பகோணத்தில், மகாமகக் குளத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றின் மாடியில் அப்படியொரு கடை இருக்கிறது. சென்ற ஆண்டு அங்கே ஒரே ஒரு கேசட்டைக் கொடுத்து மாற்றி வாங்கினேன். வேலையின் பெரும்பகுதி அருமை. ஒரு சிறு பகுதி, கேட்காமலே செய்த காரியம் என்பதால், இன்றும் உறுத்துகிறது. குறையையும் சேர்த்தே எழுதுவதால் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

அந்தக் கேசட்டில் என்ன இருந்தது என்று சொல்லாமல் வேலையின் தரத்தை விளக்க முடியாது. நான் காரைக்கால்காரன். பிரெஞ்சு ஆட்சி 1954-இல் கைமாறி, 1962-இல் சட்டப்படியும் முடிந்த பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்று வந்த ‘சொல்தா’ வீடுகள் எங்கள் தெருவிலேயே இரண்டு இருந்தன. என் தாய்மாமா பாரிஸுக்கு அருகில் குடியேறியவர். ஆகவே எங்கள் கூட்டாளிகள் ஐந்து பேருக்கும் பிரான்ஸ்தான் சொந்த அணி. 1982 ஜூலை 8 அன்று, ஸ்பெயினின் செவில் நகரில், உலகக் கோப்பை அரையிறுதியில் பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் மோதியபோது எனக்குப் பதினேழு வயது. தெருவில் ஒரு டிவி கூடக் கிடையாது. நம் நேரப்படி நள்ளிரவு தாண்டித் தொடங்கிய ஆட்டத்தின் முடிவை மறுநாள் ரேடியோவில்தான் அறிந்தோம். ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தது இரண்டு வருடம் கழித்து, மாமா விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த இந்தக் கேசட்டில்.

அன்றிரவு நாகூரிலிருந்து கேசட் ஓட்டும் டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு வந்தன. கேசட்டைப் போட்டால் படம் கறுப்பு வெள்ளையில் ஓடியது. டெக் கொண்டுவந்தவரைத் திட்டினோம். அவர் ஒன்றும் பேசாமல் தம்மிடமிருந்த சினிமா கேசட் ஒன்றைப் போட்டுக் காட்டினார். பச்சையும் சிவப்பும் பொங்கிக்கொண்டு வந்தன. தன் வீட்டில் இதைக் கலரில்தான் பார்த்ததாக மாமா சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. சாம்பல் நிறச் சட்டைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் நடந்த சண்டையாகவே அந்த ஆட்டம் எங்கள் மனத்தில் தங்கிவிட்டது.

பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சாதாரணத் தோல்வி இல்லை. ஜெர்மனியின் லிட்பார்ஸ்கி முதலில் கோல் போட்டார்; பிரான்ஸின் பிளாத்தினி பெனால்டியில் சமன் செய்தார். இரண்டாம் பாதியில் மாற்று வீரராக இறங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்த பத்தீஸ்தோன், பிளாத்தினி தூக்கிக் கொடுத்த பந்தைத் துரத்தி ஓடினார். எதிரே பாய்ந்து வந்த ஜெர்மன் கோல்கீப்பர் ஷூமாகரின் இடுப்பு அவர் முகத்தில் மோதியது. பற்கள் போயின, முதுகெலும்பில் அடி. நினைவிழந்தவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லும்போது பிளாத்தினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். டச்சு நடுவர் கோர்வர் ஃபவுல் கூடக் கொடுக்கவில்லை, பந்தை ஜெர்மனிக்கே தரும் கோல்கிக் கொடுத்தார். கூடுதல் நேரத்தில் பிரான்ஸின் திரெசோரும் ஜிரெஸ்ஸும் அடுத்தடுத்து அடித்து 3-1 என்றானது. அதற்கு மேல் பந்தைத் தங்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாலே போதும் என்று எங்களில் ஒருவன் இன்றைக்கும் அங்கலாய்ப்பான். பிரான்ஸ் அப்படி ஆடும் அணி இல்லை; மேலும் மேலும் முன்னேறியது. தொடைத் தசையில் காயத்தோடு இறங்கிய ரும்மெனிகே ஒன்று, பந்தைத் தலைகீழாகப் பாய்ந்து உதைத்த ஃபிஷர் ஒன்று, 3-3. உலகக் கோப்பையில் பெனால்டி ஷூட்அவுட்டில் முடிவான முதல் ஆட்டம் இதுதான்.

இனித்தான் கேசட்டின் விசேஷம் வருகிறது. அது மூன்று மணி நேரக் கேசட். மாமா முன்யோசனையோடு ஆட்டத்துக்கு வெகு முன்பே பதிவைத் தொடங்கிவிட்டதால், பெனால்டிக் கட்டத்தில் டேப் தீர்ந்துபோயிற்று. ஜெர்மனியின் ஸ்டீலிகே தவறவிடுகிறார், உடனே பிரான்ஸின் சீக்ஸும் தவறவிடுகிறார், ஐந்து ஐந்து உதை முடிந்து 4-4. ஆறாவதாக வந்த போஸிஸின் உதையை ஷூமாகர் தடுக்கிறார். போஸிஸ் அங்கேயே குந்தி உட்காருகிறார். அத்தோடு திரை முழுக்கப் புள்ளி. ஹ்ருபெஷ் வந்து கடைசிப் பந்தை அடித்து 5-4 ஆக்கியது எங்களுக்குத் தெரியும். ஆனால் எங்கள் கேசட்டில் அது நடக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது டெக் எடுத்துப் பார்த்த காலத்தில், போஸிஸ் குந்தியதும் யாராவது ஒருவன் எழுந்து டீ போடப் போய்விடுவான்.

கடைக்கு வருகிறேன். கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தபோதே டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தது. டெல்டாவின் ஈரத்தில் நாற்பது ஆண்டு அலமாரியில் கிடந்த டேப்பில் பூசணம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். வேறு ஊரில் ஒரு கடையில் அதை அப்படியே டெக்கில் போடப் போனார்கள். நான்தான் தடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். கும்பகோணத்துக் கடைக்காரர் கேசட்டை விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஐயா, இதை இப்படியே ஓட்டினா ஹெட்டும் கெடும், டேப்பும் போயிடும்” என்றார். ஐந்து திருகாணிகளையும் கழற்றி, சுருளைக் காலிக் கேசட் கூடு ஒன்றுக்கு மாற்றி, ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணியில் டேப்பை அழுத்தாமல் பிடித்துக் கையாலேயே சுற்றித் துடைத்தார். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்; துணி நான்கு முறை மாறியது. தொடக்கத்தில் அறுந்திருந்த இடத்தை ஒட்டினார். மாமா நீல மையில் பிரெஞ்சில் எழுதிய லேபிள் ஒட்டிய பழைய கூட்டைத் தனியே ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார். இந்தக் கவனத்துக்காகவே அவரை யாரிடமும் பரிந்துரைக்கலாம்.

நாற்பது ஆண்டுப் புதிரை அவிழ்த்தவரும் அவர்தான். நம் நாட்டு டிவி ‘பால்’ (PAL) என்ற முறையில் இயங்கியது. பிரான்ஸ் ‘சீக்காம்’ (SECAM) என்ற வேறு முறையை வைத்திருந்தது. கோடுகளின் எண்ணிக்கை இரண்டிலும் 625 என்பதால் படம் ஒழுங்காகவே நிற்கும். நிறத்தைப் பதியும் விதம் வேறு என்பதால் நிறம் மட்டும் வராது. மாமா பொய் சொல்லவில்லை. அவர் இன்று உயிரோடு இல்லை என்பதால் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. கடைக்காரர் முதலில் துபாயிலிருந்து வந்த ‘மல்ட்டி சிஸ்டம்’ டெக்கில் போட்டுப் பார்த்தார். அப்போதும் கறுப்பு வெள்ளைதான். வளைகுடா நாடுகளுக்கு வந்த டெக்குகளில் இருக்கும் சீக்காம், கேசட்டில் பதியும் வகையில் பிரான்ஸின் சீக்காமிலிருந்து மாறுபட்டது என்று அவரே பிறகு கண்டுபிடித்து, புதுச்சேரியில் ஒரு குடும்பத்திடம் கிடந்த பிரெஞ்சு டெக்கைத் தேடி வாங்கிவந்து பழுது பார்த்தார். பத்து நாள் என்று சொன்ன வேலை ஐந்து வாரம் இழுத்ததற்கு இதுவே காரணம். இடையில் நான்கைந்து முறை நான் போன் செய்த பிறகே இதைச் சொன்னார். முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் முகம் சுளித்திருக்க மாட்டேன்.

பென்டிரைவை எங்கள் வீட்டு டிவியில் போட்ட இரவு நான்கு பேர் கூடினோம். ஐந்தாமவன் பிரான்ஸிலிருந்து போனில் பார்த்தான். நாகூரிலிருந்து வந்த நண்பர் இறால் வாடா கட்டிக்கொண்டு வந்திருந்தார். பிரான்ஸ் வீரர்கள் நீலச் சட்டை, வெள்ளை அரைக்கால் சட்டை, சிவப்புக் காலுறையில் வந்து நின்றபோது யாரும் வாடாவில் கை வைக்கவில்லை. சிவப்புக் காலுறையை நாங்கள் கற்பனைகூடச் செய்ததில்லை. குவாதலூப் தீவில் பிறந்த திரெசோரும் மாலியில் பிறந்த தீகானாவும் அந்த நீலத்தில் ஓடுவதைப் பார்க்கையில், மாமா இந்த அணியை ஏன் அப்படிக் கொண்டாடினார் என்பது கொஞ்சம் விளங்கியது. நிறம் ஓரிரு இடங்களில் வழிகிறது. பந்து வேகமாகப் போகும்போது விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடு தெரிகிறது. அந்த வயதுக் கேசட்டில் இதைக் குறையென்று சொல்ல மாட்டேன். படத்தை அகலத் திரைக்கு இழுத்துப் பிளாத்தினியைக் குண்டாக்கியிருந்ததைச் சொன்னேன். மறுநாளே பழைய அளவில் திருத்தி அனுப்பினார்.

போஸிஸ் குந்தினார். வழக்கம்போல ஒருவன் டீக்கு எழுந்தான். புள்ளி வரவில்லை. ஹ்ருபெஷ் வந்தார், பந்தை வைத்தார், அடித்தார். கடைக்காரர் இணையத்திலிருந்து அந்தக் கடைசிப் பகுதியை எடுத்து எங்கள் பதிவின் வாலில் ஒட்டியிருந்தார். வேறு பதிவு என்பதால் திடீரென்று படம் பளிச்சென்று தெளிந்தது, வர்ணனையின் மொழியும் மாறியது. டீக்கு எழுந்தவன் வாசற்படியில் நின்றபடியே அதைப் பார்த்தான்.

அவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார். “முடிவு இல்லாம இருந்துச்சேய்யா, சும்மாத்தான் சேர்த்தேன், காசு எதுவும் போடலை” என்றார். எனக்கு இது காசு விஷயம் இல்லை. கேசட்டில் இருப்பதை இருக்கிறபடி மாற்றித் தருவதே இந்தத் தொழில். அதில் கூட்டுவதாக இருந்தாலும் குறைப்பதாக இருந்தாலும் உடையவரைக் கேட்க வேண்டும். கல்யாண வீடியோவில் பாட்டுச் சேர்க்கிற பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். எங்கள் கூட்டத்திலேயே இருவர் என் பக்கம் இல்லை. நடந்தது நடந்ததுதானே, இத்தனை வயதுக்குப் பிறகு அதைப் பார்க்கவும் தைரியம் வேண்டாமா என்கிறார்கள். வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கேட்டதும் ஒட்டுப்போடாத இன்னொரு கோப்பை அவர் இலவசமாகவே ஏற்றித் தந்தார். அதில் போஸிஸுக்குப் பிறகு புள்ளிதான்.

செலவு: மாற்றுவதற்கு 600 ரூபாய், பூசணம் துடைக்க 350, பிரெஞ்சு டெக்கில் ஓட்டியதற்கு 500, ஆக 1,450. செய்த வேலைக்கு இது குறைவு. பென்டிரைவ் நாமே கொண்டுபோக வேண்டும். அசல் கேசட்டைத் திருப்பித் தரவா, போட்டுவிடவா என்று கேட்பார், திருப்பியே வாங்கிக்கொள்ளுங்கள். முகூர்த்த மாதங்களில் ஸ்டுடியோ வேலை நெரிப்பதால் ஆடியிலோ மார்கழியிலோ போவது நல்லது. கொடுக்கும்போதே, ‘உள்ளது உள்ளபடி, எதையும் சேர்க்க வேண்டாம்’ என்று ரசீதில் எழுதச் சொல்லிவிடுங்கள், எழுதித் தருகிறார்.