ஸ்டீம் டெக்கில் விண்டோஸ்: கார்டிலா, வெளி எஸ்எஸ்டியிலா, உள்ளேயேவா?

ஸ்டீம் டெக் என்பது வால்வ் நிறுவனத்தின் கையடக்க கேமிங் கணினி, அதில் வருவது ஸ்டீம்ஓஎஸ் என்ற இயங்குதளம். பிசி கேம் பாஸ் (மைக்ரோசாஃப்டின் கேம் சந்தா), ஃபோர்ட்நைட் மாதிரி அதில் ஓடாத சிலவற்றுக்காகத்தான் பலர் விண்டோஸ் பக்கம் போகிறார்கள். அதை வைக்க மூன்று இடம் உண்டு. நிறுவும் அன்று மூன்றும் ஒன்றுபோல்தான் தெரியும், சிக்கல் பிறகுதான்.

மைக்ரோ எஸ்டி கார்டு பார்த்துப் பழக மட்டும். டெக்கின் கார்டு வாசல் விநாடிக்கு 100 எம்பியைத் தாண்டாது. விண்டோஸோ ஓயாமல் துண்டு துண்டாக எழுதிக்கொண்டே இருக்கும். ஒரு அப்டேட் வந்தால் அன்றைய விளையாட்டு போச்சு. கார்டும் சீக்கிரம் தேயும்.

யூஎஸ்பி-சியில் மாட்டும் எஸ்எஸ்டி வேகத்தில் குறை வைக்காது. ரூஃபஸ் என்ற மென்பொருளில் 'விண்டோஸ் டு கோ' (வெளி டிரைவிலிருந்தே விண்டோஸ் ஓடும்) முறையைத் தேர்ந்து எழுதினால் போதும், உள்ளே ஒன்றையும் தொட வேண்டாம். வால்யூம் குறைக்கும் பொத்தானைப் பிடித்தபடி பவரை அழுத்தினால் எதில் பூட் ஆக வேண்டும் என்று கேட்கும். ஆனால் டெக்கில் இருப்பது ஒரே போர்ட். சார்ஜும் வேண்டுமென்றால் நடுவில் ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் வரும். கரண்ட் போகும் நொடியில் பல ஹப்கள் எவ்வளவு மின்சாரம் என்பதை டெக்குடன் மறுபடி பேசித் தீர்மானிக்கும். அந்த இடைவெளியில் எஸ்எஸ்டி துண்டிக்கப்பட்டு விண்டோஸ் நீலத்திரையில் விழும். முப்பந்தலில் காற்றாடி எத்தனை சுழன்றாலும் ஆனி, ஆடி மழையில் கரண்ட் போகாத ஊர் நம் குமரி மாவட்டத்தில் ஏது? ஹப்பை விடுங்கள், எஸ்எஸ்டியை டெக்கில் நேராக மாட்டி பேட்டரியில் ஓட்டுங்கள்.

அடிக்கடி விண்டோஸ் வேண்டுமென்றால் உள் எஸ்எஸ்டிதான். 512 ஜிபிக்குக் குறைந்தால் ஸ்டீம்ஓஎஸ், விண்டோஸ் இரண்டுக்கும் மூச்சு முட்டும். பெரிதாக மாற்றுவதென்றால் 2230 அளவுதான் (22 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளம்) பொருந்தும். லேப்டாப்பில் வழக்கமாக வரும் 2280 நுழையாது. நாகர்கோவில் கடையில் அளவைச் சொல்லியே கேளுங்கள். பின்மூடியைத் திறக்கும்முன் எஸ்டி கார்டை உருவிவிடுங்கள், இல்லையேல் இரண்டாக ஒடியும்.

உள் எஸ்எஸ்டியில் விண்டோஸுக்கு இடம் ஒதுக்க, கேம்கள் இருக்கும் ஹோம் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். ஸ்டீம்ஓஎஸ் ஓடும்போது அது முடியாது. ஸ்டீம்ஓஎஸ் ரெகவரி பென்டிரைவில் பூட் செய்து, அதிலுள்ள கேடிஇ பார்ட்டிஷன் மேனேஜரில் ஹோமை மட்டும் குறைத்து, கடைசியில் 150 ஜிபி காலி விடுங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலரில் அந்தக் காலி இடத்தைத் தேர்ந்தெடுங்கள், வேறெதையும் அழிக்க வேண்டாம். திரை பக்கவாட்டில் படுத்திருக்கும், பயப்பட வேண்டாம். வைஃபை டிரைவர் அப்போது இருக்காது. போனில் யூஎஸ்பி டெதரிங் கொடுத்தால் தாண்டலாம். டிரைவர்களை வால்வ் நிறுவனமே தருகிறது.

பெரிய விண்டோஸ் அப்டேட் சிலவேளை பூட் வரிசையில் தன்னை முதலில் வைத்துக்கொள்ளும். டெக் நேரே விண்டோஸில் திறந்தாலும் ஸ்டீம்ஓஎஸ் அழியவில்லை. வால்யூம் கூட்டும் பொத்தான், பவர், 'பூட் ஃப்ரம் ஃபைல்', ஸ்டீம்ஓஎஸ் ஃபோல்டரில் உள்ள 'ஸ்டீம்சிஎல்': திரும்பி வந்துவிடும். எந்த வழியில் வைத்தாலும் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். ஸ்டீம்ஓஎஸ் உலக நேரத்தை எழுதிவைக்கிறது, விண்டோஸ் அதை நம் நேரமென்று படிக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' மதிப்பை 1 ஆக்கினால் சரியாகும்.